உப்புக் காற்றும் எங்கள் ஜீப்பும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

ஆறுமுகநேரியில் இரும்புக்கு ஆயுள் குறைவு. கதவுக் கொண்டி, சைக்கிள் செயின், கிணற்று ராட்டினம், ஜன்னல் கம்பி எதுவாயினும் சரி, உள்நாட்டு ஊர்களில் தலைமுறை காணும் பொருள் இங்கே சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். காரணம் யாவரும் அறிந்ததே. ஊரைச் சுற்றிலும் உப்பளங்கள். சற்றுத் தள்ளிக் காயல்பட்டினத்துக் கடல். பாத்தியில் விளையும் உப்பில், நாம் உண்ணும் சோடியம் குளோரைடோடு மெக்னீசியம் குளோரைடும் சிறிது கலந்திருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுக்கும் இயல்புடையது. மழைக்காலத்தில் அடுக்களையில் உப்புச் சாடி கசிவது இதனால்தான். சாடியில் நடப்பதே எங்கள் ஊர்க் கதவுகளிலும் வண்டிகளிலும் ஆண்டு முழுவதும் ஓசையின்றி நடந்துகொண்டிருக்கிறது.

இத்தகைய ஊரில் நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு ஜீப் இருந்துவருகிறது. 1974ஆம் ஆண்டில் செய்யப்பட்ட பெட்ரோல் வண்டி. 1983இல் அரசாங்க ஏலத்தில் தாத்தா எடுத்தார். அளத்துக்குப் போகவும், உப்பு வாருகிறவர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டு போகவும், மழை பெய்து பாதை சேறான நாட்களில் மற்றவர்களின் லாரியைக் கட்டி இழுக்கவும் அது பயன்பட்டது. எங்கள் அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டதும் அதே வண்டி.

நாங்கள் என்று இக்கட்டுரையில் எழுதுவது அக்காள் தங்கை இருவரையும் சேர்த்துத்தான். மூத்தவள் பத்தாம் வகுப்பு, இளையவள் எட்டாம் வகுப்பு. பேனா பிடித்தவள் மூத்தவள் என்றாலும், வேலை இருவருடையது ஆகையால் ‘நான்’ என்று எழுத இளையவள் சம்மதிக்கவில்லை.

ஜீப்பின் வரலாற்றைச் சற்றே சொல்லிவிடுகிறோம். 1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம், நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய இலேசான ஊர்தி ஒன்று வேண்டுமென்று 135 நிறுவனங்களைக் கேட்டது. மாதிரி வண்டியைச் செய்து முடிக்க அவர்கள் கொடுத்த கெடு வெறும் 49 நாட்கள். அந்தக் கெடுவுக்குள் செப்டம்பர் 23ஆம் தேதி வண்டியைக் கொண்டு சேர்த்தது அமெரிக்கன் பான்டம் என்ற சிறிய கம்பெனி. ஆனால் பெருமளவில் செய்யும் வாய்ப்போ வில்லிஸ், ஃபோர்டு ஆகிய பெரிய நிறுவனங்களுக்குச் சென்றது. போர் முடிவதற்குள் இவ்விரண்டும் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து குவித்தன. (சிறிய கம்பெனிக்கு இழைத்தது அநியாயம் என்பது எங்கள் இளையவளின் தீர்ப்பு.)

நம் நாட்டில் ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா ஆகிய சகோதரர்களும் குலாம் முகம்மதுவும் சேர்ந்து 1945இல் ஒரு நிறுவனம் தொடங்கினர். பெயர் மஹிந்திரா அண்ட் முகம்மது. நாடு பிரிந்தபோது குலாம் முகம்மது பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் நிறுவனத்தின் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்றாயிற்று. விடுதலை பெற்ற 1947லேயே வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டும் வேலை ஆரம்பமாகிவிட்டது. எங்கள் வண்டி சி.ஜே. 3பி என்ற வகை. அமெரிக்காவில் இது 1953இல் வெளிவந்து 1968இல் நின்றுபோனது. இங்கே அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் செய்தார்கள். இதன் பானெட் போர்க்கால ஜீப்பினுடையதைவிட உயரமாக இருக்கும். அழகுக்காக அல்ல, உள்ளே உட்கார்ந்திருக்கும் 2.2 லிட்டர் ‘ஹரிகேன்’ இன்ஜினில், காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வுகள் மேலே ஹெட்டில் உள்ளன. புகை வெளியேறும் வால்வுகளோ பக்கவாட்டில் பிளாக்கில் உள்ளன. மேலே வால்வு ஏறியதால் இன்ஜின் உயர்ந்தது. இன்ஜினுக்காக பானெட் உயர்ந்தது. இந்த வால்வு அமைப்பு எங்களை என்ன பாடு படுத்தியது என்பதைப் பின்னால் கூறுவோம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை எங்கள் பகுதியில் யாரும் மறக்கமாட்டார்கள். 18ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முந்திய இரவு எங்கள் ஊர் நிலையத்தைக் கடந்து சென்ற செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்திலேயே நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. எங்கள் தெருவில் இரவில் முழங்காலளவு இருந்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்புக்கு ஏறியது.

ஆச்சிக்கு முழங்கால் வலி. நடக்க முடியாது. ஆகவே முழங்காலளவு தண்ணீர் இருந்தபோதே தாத்தா ஷெட்டுக்குப் போய் ஜீப்பில் ஏறி செல்ஃபை அழுத்தினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். விளக்கு மங்கியது. மீண்டும் அழுத்தினார். மீண்டும் ‘டக்’. ஹேண்டில் போட்டுச் சுற்றலாம் என்றால் அந்த ஹேண்டில் இருட்டில் தண்ணீருக்குள் எங்கோ கிடந்தது. கடைசியில் அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் ஆச்சியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தோளுக்கு உயர்த்தித் தெருமுனை மாடி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் பின்னால் நடந்தோம். தாத்தா மட்டும் வண்டியை விட்டு இறங்காமல் செல்ஃபை அழுத்திக்கொண்டே இருந்தார். அப்பா திரும்பிப் போய்க் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. அம்பாரமாகக் குவித்திருந்த உப்பில் ஒரு கைப்பிடியும் மிஞ்சவில்லை. அன்றைக்கே தாத்தா இன்ஜினிலிருந்த ஆயிலை இறக்கினார். அது மோர் போல வெளுத்து வந்தது. பிளக்குகளைக் கழற்றி நான்கு சிலிண்டரிலும் டீசலை ஊற்றி, கண்டெடுத்த ஹேண்டிலால் சுற்றி வைத்தார். இதைச் செய்யாதிருந்தால் பிஸ்டன் துருப்பிடித்து இறுகி இக்கட்டுரைக்கே இடமிருந்திருக்காது. அதன்பின் அவர் ஷெட்டுப் பக்கம் போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கூட அதிகம் பேசுவதில்லை. அப்பாவோ, “வேண்டிய நேரத்துல கிளம்பாத வண்டி எதுக்கு? பழைய இரும்புக்குப் போட்டுரலாம்” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 15 ஆண்டுகளைத் தாண்டிய சொந்த உபயோக வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். எங்கள் வண்டிக்குக் கெடு 2024 ஜூன் 30. முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. உப்பைப் பறிகொடுத்த வீட்டில், ஓடாத வண்டிக்கு 5,000 ரூபாய் யார் கட்டுவார்கள்?

ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்தது. பழைய இரும்புக்காரர் வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்து, டயரை உதைத்து, விலை சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை நாங்கள் அப்பாவிடம் ஒரு மாதத் தவணை கேட்டோம். விடுமுறை முடிவதற்குள் வண்டி கிளம்பாவிட்டால் கொடுத்துவிடலாம் என்பது பேச்சு. ஆச்சி மட்டும், “பொட்டப் பிள்ளைக கையில கிரீஸா? நாளைக்கு நாலு பேர் என்ன சொல்லுவாவ?” என்றார்கள். அப்பா சிரித்துக்கொண்டே, “நாலு பேர் வந்து ஹேண்டில் சுத்தட்டும்” என்றார்.

எங்களுக்குத் துணையாக அமைந்தவர்கள் இருவர். ஒருவர், எங்கள் தெருவில் முன்பு வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்து, இப்போது கண்பார்வை மங்கி வீட்டிலிருக்கும் அண்ணாச்சி. மற்றவர் எங்கள் அறிவியல் ஆசிரியை அருட்சகோதரி. ஆய்வகத்து மல்டிமீட்டர் ஒன்றைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுமுறைக்கு இரவல் தந்தார்கள்.

அண்ணாச்சி முதல் நாள் எதையும் கழற்ற விடவில்லை. “முதல்ல படம் போடு பாப்பா, அப்புறம் கத்தரிக்கோல எடு” என்றார். ஆகவே ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு ஒயரும் எங்கிருந்து புறப்பட்டு எங்கே சேர்கிறது என்று வரைந்தோம். நாற்பது வருடத்தில் எத்தனை பேர் கைவைத்தார்களோ, அத்தனை நிறங்கள். ஒரு ஹெட்லைட் ஒயர் சிவப்பில் தொடங்கி நடுவே மஞ்சளாகி வீட்டு ஒயரிங்கில் போடும் கறுப்பு ஒயரில் முடிந்தது. ஒட்டிய இடங்களில் டேப்புக்குப் பதில் பாண்டேஜ் துணி கூடச் சுற்றியிருந்தது. அந்த டாக்டர் யாரென்று தெரியவில்லை. இரண்டு நாட்களில் படம் முடிந்தது. ஒவ்வொரு நுனியிலும் எண் எழுதிய துணித்துண்டைக் கட்டினோம்.

அதற்குள் அண்ணாச்சி செல்ஃப் மோட்டாரைப் பிரித்து, சேறு கழுவி, உள்ளேயிருக்கும் கார்பன் பிரஷ்களை மாற்றி, தனியே பேட்டரியில் தொட்டுக் காட்டினார். ஜோராகச் சுற்றியது. சித்தப்பாவின் டிராக்டர் பேட்டரியை இரவல் வாங்கி வைத்தோம். இன்ஜின் கையால் இலகுவாகச் சுற்றுகிறது. பேட்டரி நல்லது, மோட்டார் நல்லது. ஆனாலும் வண்டியில் பூட்டி அழுத்தியபோது அதே ‘டக்’. அதே மங்கல்.

இந்த இடத்தில்தான் மல்டிமீட்டர் பேசியது. ஓய்வில் பேட்டரி 12.5 வோல்ட். இளையவள் செல்ஃபை அழுத்தும்போது பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 11.6 வோல்ட், அது தாழ்வில்லை. அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைக்கச் சொன்னார் அண்ணாச்சி. இரண்டும் ஒரே எர்த் என்பதால் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டவேண்டும். அழுத்தினோம். 5.2 வோல்ட் காட்டியது. மோட்டாருக்குப் போகவேண்டிய அழுத்தத்தில் ஏறக்குறையப் பாதி, வழியிலேயே எங்கோ தொலைந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் தொட்டு, பத்தாம் வகுப்பில் முழுமையாகப் படிக்கும் ஓம் விதியை இங்கே நினைவூட்டுகிறோம். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் இழக்கும் மின்னழுத்தம் கிடைக்கும். பாடப் புத்தகக் கணக்கில் மின்னோட்டம் இரண்டு ஆம்பியர், மூன்று ஆம்பியர் என்றிருக்கும். இன்ஜினைச் சுற்றும் செல்ஃப் மோட்டாரோ நூறு ஆம்பியருக்கும் மேலே இழுக்கும். 150 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், வெறும் 0.03 ஓம் தடை போதும், 4.5 வோல்ட் போய்விடும். 0.03 ஓம் என்பதைச் சாதாரண மீட்டரால் நேரே அளக்கவும் இயலாது. அளந்தால் ‘தடையில்லை, நன்றாயிருக்கிறது’ என்றே காட்டும். ஓடும் மின்னோட்டத்தில் வைத்து அளந்தால்தான் உண்மை வெளிவரும்.

இன்ஜின் ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் சேஸிஸையும் பின்னிய செப்புப் பட்டை ஒன்று இணைக்கிறது. பேட்டரியிலிருந்து போன மின்னோட்டம் வீடு திரும்ப அது ஒன்றே பாலம். படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். வெளியே பார்வைக்குப் பட்டை முழுதாக இருந்தது. போல்ட்டைக் கழற்றிக் கையிலெடுத்து வளைத்தபோது பச்சைப் பொடியாகக் கொட்டியது. உப்பும் ஈரமும் காற்றும் செம்பைத் தின்று உண்டாக்கிய பொடி அது. மின்சாரத்தை எளிதில் விடாது. நூற்றுக்கணக்கான இழைகளில் உயிரோடிருந்தவை பத்தோ பன்னிரண்டோதான்.

இந்தப் பட்டை ஒரே நாள் வெள்ளத்தில் இப்படியாகவில்லை. வெள்ளத்துக்கு முந்தைய இரண்டு வருடங்களில் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறதென்று இரண்டு பேட்டரி மாற்றியிருந்தோம். ஒரு கடையில் பேட்டரி போச்சு என்றார்கள், இன்னொரு கடையில் இன்ஜினுக்கே வயதாகிவிட்டது, கம்ப்ரஷன் போய்விட்டது என்றார்கள். உண்மையில் ஒரு சாண் நீளப் பட்டைதான் அத்தனை காலமும் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தது.

அதை ஒரு காகிதத்தில் வைத்துத் திண்ணைக்குக் கொண்டுபோய்த் தாத்தாவிடம் காட்டினோம். வெகுநேரம் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “அப்ப இன்ஜின் என்னைய ஏமாத்தலையாட்டி?” என்று கேட்டார். இல்லை தாத்தா என்றோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஷெட்டுக்கு வந்தது ஐந்து மாதத்தில் அன்றுதான்.

புதிய பட்டையைப் பூட்டி அழுத்தியதும் இன்ஜின் சுற்றியது. ஆனால் சுற்றுவது வேறு, ஓடுவது வேறு. ஒயரிங் முழுவதையும் மாற்றுவதென்று முடிவு செய்தோம். பழைய ஒயர்களில் எதையாவது காப்பாற்றலாம் என்று ரப்பர் உறையை உரித்தால், ஓர் அடி தள்ளியும் உள்ளே செம்பு கறுத்திருந்தது. உப்புநீர் உறைக்குள் புகுந்து இழைகளுக்கிடையே ஊர்ந்து போகும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே ஆளில்லை.

நிறங்களுக்குப் பழைய லூகாஸ் முறையைப் பின்பற்றினோம். பேட்டரியிலிருந்து நேரே வருவது பழுப்பு, சாவியைத் திருப்பியபின் இக்னிஷனுக்குப் போவது வெள்ளை, அதே சாவி வழியாகப் பியூஸ் தாண்டிப் போவது பச்சை, ஹெட்லைட்டுக்கு நீலம், சிறு விளக்குகளுக்குச் சிவப்பு, எர்த் கறுப்பு. அடுத்த முறை கைவைப்பவர் பாண்டேஜ் துணியைத் தேடவேண்டியதில்லை.

பெரிய மாற்றம் ஒன்று செய்தோம். எல்லா வண்டிகளிலும் விளக்கு முதலியவற்றுக்கு ஒரு ஒயர்தான் போகும். திரும்பி வரும் வழியாக வண்டியின் உடலே பயன்படும். ஒயரும் செலவும் மிச்சம். நல்ல ஏற்பாடுதான், இரும்பு இரும்பாக இருக்கும் ஊரில். எங்கள் வண்டியில் மட்கார்டும் சேஸிஸும் சேருமிடமெல்லாம் துரு. பழைய ஹெட்லைட்டில் அளந்தபோது பேட்டரியில் 12.4 வோல்ட் இருக்க, பல்பில் 9.8 தான் இருந்தது. பல்பின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சமும் அவ்வளவுதானே குறையும் என்று நினைப்போம். ஆனால் இழையின் சூடு தணிவதால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு ஒயர் இழுத்து, கறுப்பு ஒயர்களையெல்லாம் பானெட்டுக்குள் உயரத்தில் ஒரே பித்தளைக் கட்டையில் சேர்த்தோம். அங்கிருந்து தடித்த ஒயர் நேரே பேட்டரிக்கு.

விசைப்படகுகளில் வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பி போடுவார்கள், கடல் காற்றுக்கு அது தாங்கும் என்று அண்ணாச்சி சொன்னார். அப்பா தூத்துக்குடிக்குப் போனபோது வாங்கிவந்தார். விலை அதிகமாகையால் எர்த்துக்கும் ஹெட்லைட்டுக்கும் மட்டும் போட்டோம். நுனிகளில் லக் வைத்து நசுக்கி, வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் போட்டு, போல்ட் இறுக்கியபின் வாசலின் தடவினோம். வாசலின் மின்சாரம் கடத்தாதே என்று இளையவள் வாதாடினாள். கடத்தத் தேவையில்லை, உலோகம் உலோகத்தோடு இறுகியபின், சுற்றியுள்ள இடுக்கில் ஈரக்காற்று புகாமல் தடுப்பதே அதன் வேலை. சுமார் பன்னிரண்டு நாட்கள் இதிலேயே சென்றன. கட்டுரையில் சில வரிகளில் முடிந்துவிட்டது.

இனி டியூனிங். இதில் வரிசை தவறக்கூடாது. முதலில் வால்வு இடைவெளி, பிறகு பிளக், பிறகு பாயின்ட், பிறகு டைமிங், எல்லாவற்றுக்கும் கடைசியில் கார்புரேட்டர். பாயின்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறிவிடும் என்பதால் பாயின்ட்டுக்கு முன் டைமிங் வைப்பது வீண்வேலை. கார்புரேட்டரின் ஸ்க்ரூ வெளியே கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் எல்லாருக்கும் முதலில் அதைத் திருகத் தோன்றும். தாத்தா அந்த ஸ்க்ரூவின் மேல் ஒரு துணியைக் கட்டிவைத்தார்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது உள்வரும் வால்வுக்கு ‘பதினெட்டு தவ்’, வெளியேறும் வால்வுக்கு ‘பதினாறு தவ்’ இடைவெளி வேண்டும். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு தவ். அதாவது 0.46, 0.41 மில்லிமீட்டர். மேலேயுள்ள வால்வுகள் மூடியைத் திறந்தால் கண்ணெதிரே இருக்கும், எளிது. பிளாக்கிலுள்ள வால்வுகளுக்கோ பக்கவாட்டு மூடியைக் கழற்றி, குழாய்களுக்கடியில் கையை நுழைத்து, இரண்டு ஸ்பானரையும் ஃபீலர் கேஜையும் ஒரே சமயத்தில் பிடிக்கவேண்டும். அப்பாவின் கை நுழையவில்லை. தாத்தாவின் கை நடுங்கியது. மூத்தவளின் கை நுழைந்தது, திரும்பவில்லை. எட்டாம் வகுப்புக் கைதான் வேலையை முடித்தது. அன்று முதல் வீட்டில் இளையவளின் அதிகாரத்தைத் தாங்க முடியவில்லை.

பிளக் இடைவெளி 30 தவ், பாயின்ட் 20 தவ். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் திறக்கும் அந்தக் கணத்தில்தான் காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டாகிப் பிளக்கில் பொறி பாய்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் 4,000 பொறிகள். நொடிக்கு அறுபதுக்கும் மேல். நெருப்புப் போகும் வரிசை 1, 3, 4, 2. தாத்தா இதை ஜெபம் போலச் சொல்வார்.

டைமிங் வைக்க ஒரு சிறு பல்பு போதும். அதன் ஒரு ஒயரைப் பாயின்ட்டிலும் மற்றதை எர்த்திலும் மாட்டி, ஒன்றாம் பிஸ்டன் உச்சிக்கு வர 5 டிகிரி இருக்கும்போது இன்ஜினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்ப வேண்டும். பல்பு எரியும் கணமே பாயின்ட் திறக்கும் கணம். அங்கேயே இறுக்கிவிட வேண்டியது. ஹேண்டில் சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்கும்படி தாத்தா திரும்பத் திரும்பச் சொன்னார். பொறி முந்திப் பாய்ந்தால் ஹேண்டில் எதிர்ப்புறம் உதைக்கும். கட்டைவிரல் சுற்றிப் பிடித்தவர்களின் மணிக்கட்டு முறிந்த கதை பழைய டிரைவர்கள் எல்லாரிடமும் உண்டு.

2024 மே 26, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, புது ஆயில் ஊற்றி, பெட்ரோல் டாங்கில் ஐந்து லிட்டர் விட்டோம். தாத்தாவை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னோம். அவர் மறுத்து மூத்தவளை ஏற்றிவிட்டு, பானெட்டில் கைவைத்து நின்றார். முதல் முறை சுற்றி நின்றது. இரண்டாம் முறை கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. மூன்றாம் முறை சோக்கைப் பாதி உள்ளே தள்ளியதும் பிடித்துக்கொண்டது. சிலிண்டரில் மிச்சமிருந்த டீசல் எரிந்து ஷெட் முழுதும் வெள்ளைப் புகை. ஆச்சி அடுக்களையிலிருந்து, “யாரும் சாகலையே?” என்று கேட்டார்கள். புகை அடங்கியபின் தாத்தா துணியை அவிழ்த்து, கார்புரேட்டர் ஸ்க்ரூவை ஒரு கால் சுற்றுத் திருப்பி, தலையைச் சாய்த்துக் கேட்டு, அரைக்கால் சுற்றுத் திரும்பக் கொண்டுவந்தார். நாங்கள் மீட்டரால் அளக்க முடியாத வேலை அது ஒன்றுதான். சத்தம் சீராயிற்று. அவர் எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய், வெள்ளத்துக்கு முன் போட்டிருந்த தம் பழைய தொப்பியைத் தேடி எடுத்துவந்தார்.

ஜூன் மூன்றாம் வாரம் அப்பா 5,000 ரூபாய் கட்டி வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார். ஹெட்லைட்டைப் பார்த்த அதிகாரி, புது வண்டி விளக்கா போட்டிருக்கீங்க என்று கேட்டாராம். பதிவு இன்னும் ஐந்தாண்டுக்கு நீண்டது. அதற்குள் அளத்துப் பாதிகள் சீரமைக்கப்பட்டு மறுபடி உப்பு விளையத் தொடங்கியிருந்தது. பாதைதான் வெள்ளத்தில் அரித்துப்போய்ப் பள்ளமும் களியுமாகக் கிடந்தது. முன்சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் சிறு லீவரைப் போட்டு, பக்கத்து லீவரைத் தாழ்ந்த கியருக்குத் தள்ளினால், சக்கரம் மெதுவாகவும் இரண்டரை மடங்கு வலுவோடும் சுற்றும். அப்படித்தான் இப்போது தினமும் காலையில் தண்ணீர்க் கேன்கள் அளத்துக்குப் போகின்றன. முன்பு பாதை முனையிலிருந்து உப்பு வாரும் பெண்கள்தான் அவற்றைத் தலையில் சுமந்து போகவேண்டியிருந்தது.

பெட்ரோல் காட்டும் முள் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. டாங்க் எப்போதும் நிறைந்திருப்பதாகக் காட்டுகிறது. தாத்தா ஒரு மூங்கில் குச்சியால் அளந்துகொள்கிறார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் செல்ஃபை அழுத்தி, பேட்டரிக்கும் இன்ஜினுக்கும் இடையே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று அளந்து ஷெட்டின் சுவரில் கரியால் எழுதி வருகிறோம். மல்டிமீட்டரை ஆய்வகத்துக்குத் திருப்பிக் கொடுத்தபின் அப்பாவே ஒன்று வாங்கித் தந்தார். ஜூலையில் 0.12. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் 0.12. அக்டோபரில் மழை தொடங்கியதும் 0.14. நவம்பர் கடைசியில் 0.19 ஆனபோது பட்டையைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாசலின் தடவிப் பூட்டினோம், 0.12க்கு இறங்கியது. இதை எழுதும் வாரத்தில் 0.13.